எடைக்கல்லின் ரத்தம்

— ரத்தத்துல புற்றுநோய் எண்ணு எனக்கு ரெண்டுதானே வந்திருக்கு? நல்ல சேதிதானே? அதுக்கு எதுக்கு லேப் மேல புகார் எழுதறீங்க?

— உனக்கு ரெண்டுன்னு சொன்ன அதே லேப், எனக்குப் பதினெட்டுன்னு சொல்லுது. விதிப்படி ரெண்டு காகிதமும் செல்லாது.

— உங்களுக்கா? குடல்ல கட்டி எடுத்தது எனக்கு. மூணு மாசத்துக்கு ஒருக்கா கையை நீட்டறது நான். நடுவுல நீங்க எப்போ நீட்டினீங்க?

— நீ ஊசி குத்தின இடத்துல பஞ்சை அமுக்கிக்கிட்டு உட்கார்ந்திருந்தியே, அப்போ. முப்பத்தோரு வருஷம் எடையளவு இன்ஸ்பெக்டரா இருந்தவன் நான். கடைக்காரன் தராசு சரியான்னு பார்க்க, விதிப்படி சரியான எடைக்கல்லை வச்சுப் பார்க்கணும்.

— அந்த எடைக்கல் நீங்க?

— பின்னே? சர்க்கரை கிடையாது, ரத்த அழுத்தம் கிடையாது.

— ஐயா சாமி, உங்களுக்கு முத்திரை குத்தினது யாரு?

— கிண்டல் வேண்டாம். அஞ்சுக்குள்ள இருக்கணும்னு அவனே அச்சடிச்சிருக்கான். எனக்குப் பதினெட்டுன்னா மெஷின் கோளாறு. இதோ, மூணு பக்கம் எழுதியாச்சு.

— டாக்டர் சொன்னப்போ நீங்களும்தானே தலையாட்டினீங்க? இந்த எண்ணை மட்டும் வச்சு எதுவும் முடிவு பண்ண முடியாது. ஈரல் கெட்டாலும் ஏறும், குடல்ல புண்ணு இருந்தாலும் ஏறும். சில பேருக்குக் கட்டி இருந்தும் ஏறாது. சிகரெட் பிடிக்கறவங்களுக்கு எப்பவுமே கொஞ்சம் கூட இருக்கும்.

— நான் சிகரெட்டைத் தொட்டதே இல்லையே.

— அதாங்க பயமா இருக்கு.

— பயமா? ‘தங்கள் பரிசோதனைக் கூடத்தின் பொறுப்பற்ற போக்கைக் கண்டு...’

— போதும். வெட்டித் தைச்சு, மருந்து ஏத்தி, முடி கொட்டி, திரும்ப முளைச்சு... சலிச்சுப் போச்சுங்க. இன்னைக்கு ஒரு நாளாவது நிம்மதியா ஒரு டீ குடிக்கலாம்னு இருந்தேன். அந்தப் பேனாவைக் கீழ வைங்க. ஒண்ணு கேட்கறேன்.

— கேளு.

— நாப்பது வருஷமா குடிச்ச டம்ளரைக்கூட எடுத்து வைக்காத மனுஷன், ரெண்டு மாசமா கக்கூஸை நீங்களே தேய்ச்சுக் கழுவறீங்க.

— நீ நோயாளியாச்சேன்னுதான்...

— எத்தனை நாளா ரத்தம் போகுது?

— இந்தப் புகாருக்கு ஒட்டத் தபால்தலை எங்க வச்சே?

— உங்களைத்தான்.

— வெறும் மூலம்னு நினைச்சேன்.

— நானும் அப்படித்தாங்க நினைச்சேன்.