கோகிலவாணிக்குக் கொடுத்த சீர்

மத்தியானம் பன்னிரண்டு மணி. காரமடையைத் தாண்டித் தோட்டங்களுக்கு நடுவே போகும் மண் தடம். சித்திரை வெயில்… தடத்தில் ஒரு ஆள் இல்லை, ஒரு நாய்கூட இல்லை. பேய் ராத்திரியில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? இது உச்சிப்பொழுதில் நடந்தது. கிட்டே வந்து உட்காருங்கள், கரண்ட் இப்போதைக்கு வராது.

என் கூட்டாளி மருதாசலத்தின் மாமா நஞ்சுண்டன். தொண்ணூற்றேழில் காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். அந்தத் தடத்தில் வண்டி ஓட்டிப் போனவர் அவர்தான். இதைச் சொல்லும்போது எனக்குப் பயம் வராது, வயிறுதான் எரியும்.

போய்ச் சேர்ந்தது செங்கோட்டையன் என்பவரின் தோட்டத்து வீடு. பெரிய பண்ணையம். ஹாலில் மேசைமேல் கம்ப்யூட்டர். அதற்கு வெல்வெட் துணியில் முக்காடு, பெட்டியின் நெற்றியில் மூன்று விபூதிப் பட்டை. சுவிட்சைப் போட்டால் கிளம்ப மாட்டேன் என்கிறது, பாதியில் நின்றுகொண்டு கத்துகிறது என்றார் செங்கோட்டையன். வைகாசியில் மகளுக்குக் கல்யாணம், அதற்குள் சரியாக வேண்டும். வார்த்தைக்கு வார்த்தை அத்தனை ‘ங்க’. அந்த மரியாதையைக் கேட்டால் தங்கமான மனுசர் என்று நீங்களும் ஏமாந்து போவீர்கள்.

நஞ்சுண்டன் சுவிட்சைப் போட்டார். விசிறி சுற்றியது. கறுப்புத் திரையில் எண்கள் ஓடின… நின்றன. உடனே ஆரம்பித்தது. பீப்… பீப்… பீப்…

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிளம்பும் நேரத்தில் யாராவது கீபோர்டில் ஒரு கீயை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தால் கம்ப்யூட்டர் இப்படித்தான் கத்தும். கவிழ்த்துத் தட்டினார். சந்தனம் கட்டி கட்டியாகக் கொட்டியது, கூடவே குங்குமம். ஆயுதபூஜைக்கு ஒவ்வொரு கீக்கும் பொட்டு வைத்திருக்கிறார்கள். டிராக்டருக்கு வைத்தார்கள், மோட்டாருக்கு வைத்தார்கள், இதற்கும் வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒருநாளும் அதை யாரும் தொட விடவில்லையாம்.

ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். திரும்பச் சுவிட்ச்… பீப்… பீப்…

பையில் இருந்த புதுக் கீபோர்டை மாட்டினார். பீப்… பீப்… அதையும் கழற்றிவிட்டார். இப்போது பெட்டியில் கீபோர்டே இல்லை. இனி அப்படிக் கத்த வழியில்லை. ஆனால் கத்தியது.

பெட்டியைத் திறந்தார். உள்ளே காய்ந்த தூசி. ஆனால் வந்த வாசம்… கிணற்றுப் பாசி. ஈரப் பாசி.

அப்போதுதான் மேசையைப் பார்த்திருக்கிறார். கழற்றி வைத்த பழைய கீபோர்டில் ஒரே ஒரு கீ மட்டும் அடியோடு அமுங்கிக் கிடந்தது. ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்பினார். வரவில்லை. அழுக்கில் மாட்டியிருந்தால் கொஞ்சமாவது அசையும். இது எதிர்த்து அழுத்தியது. மேலே ஒரு விரல் இருப்பதுபோல.

ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு, இது யாருடைய கம்ப்யூட்டர் என்று கேட்டார்.

“மருமக கொண்டாந்த சீருங்க. கோகிலவாணின்னு பேரு. கம்ப்யூட்டர் படிச்ச புள்ள. மாசி மாசம் கெணத்துல தவறி உழுந்துபோச்சுங்க” என்றார் செங்கோட்டையன். மழை வரலைங்க என்று சொல்வதுபோல ஒரு குரல். “உள்ள அது என்னமோ எழுதி வெச்சிருக்கும். சுத்தமா அழிச்சுப்போடுங்க. எம்புள்ள சீருக்குப் போகோணும்.”

கேட்டீர்களா? பிள்ளையில்லாமல் ஒரு பெண் செத்தால் அவள் சீர் பிறந்த வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும். அது அவர்கள் பக்கத்து வழக்கம்தான், செங்கோட்டையனுக்குத் தெரியாததா? சூலூரில் பவர்லூம் ஓட்டும் அவள் அப்பா அங்கப்பன் இரண்டு முறை வந்து இந்தப் பெட்டியைக் கேட்டிருக்கிறார். என் மகள் கையால் எழுதியது ஏதாவது இருக்கும், வேறெதுவும் வேண்டாம் என்றிருக்கிறார். கெட்டுப்போச்சு என்று சொல்லி இரண்டு முறையும் வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறார்கள். இதையும் செங்கோட்டையன்தான் சொன்னார், சாமர்த்தியம்போல. மனுசனா அவன்?

செங்கோட்டையன் வெற்றிலை துப்ப வாசலுக்குப் போனார். நஞ்சுண்டனுக்குப் பயமெல்லாம் போய் ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. வாழ்நாளில் ஒரு இயந்திரத்தோடு பேசாத ஆள், பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து மெல்லச் சொன்னாராம்.

“அம்மணி, கையை எடு கண்ணு. இதை நானு அழிக்க மாட்டேன். உங்கப்பங்கிட்டக் கொண்டுபோய்க் குடுத்துர்றேன்.”

டக்.

கீ மேலே வந்தது. சத்தம் நின்றது. நின்ற பிறகு அந்த ஹாலில் இருந்த அமைதிதான் தன்னை ரொம்பப் பயமுறுத்தியது என்பார் நஞ்சுண்டன்.

சுவிட்சை அணைத்தார். இங்கே முடியாது, கடையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று வாசலில் சொல்லிவிட்டு, பெட்டியை வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மேட்டுப்பாளையம் ரோடு வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. கடைக்கு வந்ததும் முதல் வேலையாக டெலிபோன் டைரக்டரியில் அங்கப்பன் நம்பரைத் தேடிச் சூலூருக்குப் போன் போட்டார். அங்கப்பன் அடுத்த பஸ்ஸைப் பிடித்து, தறி ஓட்டிய பனியனோடு வந்து சேர்ந்தார்.

கடையில் வைத்துச் சுவிட்சைப் போட்டதும் ஒரே மூச்சில் கிளம்பியது. உள்ளே ஒரே ஒரு ஃபைல். தேதி, அவள் செத்ததற்கு முந்தின நாள். யாரும் தொடக்கூடாது என்றிருந்த பெட்டியில், அவர்கள் கண்ணில் படாமல் அடித்திருக்கிறாள். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்திருந்தாள். அங்கப்பனுக்கு அது படிக்க வராது. நஞ்சுண்டன்தான் எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தார்.

“அப்பா, வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிருங்க. கெணத்துல தவறி உழுந்துட்டான்னு சொன்னா நம்பாதீங்க. எனக்கு நீச்சல் பழக்கி உட்டதே நீங்கதான?”

அங்கப்பன் அழவில்லை. மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, படியுங்கள் என்றார். போலீசுக்குப் போகவில்லையா என்று கேட்பீர்கள். மறுநாளே போனார். கம்ப்யூட்டரில் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், இதில் கையெழுத்து எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வைகாசியில் அங்கே கல்யாணமும் ஜாம்ஜாம் என்று நடந்தது. அதனால்தான் எரிகிறது என்றேன்.

ஆனால் அன்று கடையில் படித்தபோது, கடிதம் அந்த வரியோடு முடியவில்லை. கீழே கொஞ்சம் இடம் விட்டு இன்னும் இரண்டு வரி இருந்தது. நஞ்சுண்டன் அதைப் படிக்க ஆரம்பித்தார், பாதியில் குரல் நின்றுவிட்டது. என்னங்க, என்னங்க என்று அங்கப்பன் உலுக்கிய பிறகுதான் மீதியைப் படித்தார்.

“இதைக் கொண்டாந்து குடுக்கிற அண்ணனுக்கு இந்த ஊட்டுல ஒரு வாய் தண்ணிகூடக் குடுக்கலீங்கப்பா. பாவம், தொண்டை காஞ்சு கெடக்கறாரு. நீங்க எதாச்சு வாங்கிக் குடுங்க.”

பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை அந்த வீட்டில் அவருக்கு யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. அதை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவும் இல்லை. அங்கப்பன் எழுந்து போய், எதிர்க்கடையில் சோடா வாங்கிக்கொண்டு வந்தார்.