நிற்காமல் வீடு வந்த கார்

எல்லாரும் சௌக்கியமா? முழங்கால் வலி, சளி, இருமல் எல்லாம் தேவலையா? சரி, கிட்ட வந்து உட்காருங்கள். விளக்கு எரியட்டும், அணைக்க வேண்டாம்.

இது என் சிநேகிதி டோரிஸின் அண்ணன் ஆர்லன் வீட்டில் நடந்தது.

சாயங்காலம் ஆறரை மணி. அக்டோபர் கடைசி. அமெரிக்காவில், மினசோட்டாவின் வடக்கே, சதுப்பு நிலத்தை ஒட்டிப் போகும் மண்சாலை. வீடு கிடையாது, விளக்கு கிடையாது. ஆர்லன் தன் பச்சைக் காரில் வந்துகொண்டிருந்தார். அறுபத்தொன்பதாம் வருடத்துக் கார், எட்டு சிலிண்டர். கிளப்பினால் பக்கத்து வீட்டுப் பீங்கான் தட்டெல்லாம் நடுங்கும்.

அது சட்டென்று நின்றது.

எப்போதும் அதே இடம்தான். எஞ்சின் அடங்கும்... பக்கத்துக் கதவின் கொண்டி ‘டக்’ என்று ஒரு தரம் சொல்லும்... ஈரக் கம்பளி வாசனை ஒன்று எழுந்து, போய்விடும். அப்புறம் சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடக்காததுபோலக் கிளம்பிவிடும்.

ஆர்லனுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய ஒரே மகன் கர்ட் செத்தது அங்கேதான்.

பனிக்காலத்தில் சாலையில் உப்புப் போடுவார்கள், கார் துருப்பிடித்துவிடும். அதனால் பனிக்கு முன்னால் கடைசியாக ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டுப் பழைய காரை மூடிவைப்பது வழக்கம். அந்த வருடம் இதே காரில் கர்ட் போனான். பனி முந்திக்கொண்டது. நடு வழியில் கார் நின்றது, பிறகு கிளம்பவே இல்லை. காலையில் கண்டுபிடித்தபோது நனைந்த கம்பளிச் சட்டையோடு விறைத்துக் கிடந்தான். கை ஹீட்டர் குமிழைப் பிடித்தபடியே இருந்தது.

எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் பாயிண்டை அன்று காலையில் சரிபார்த்தவர் ஆர்லன். அதன் இரு முனைகளுக்கும் நடுவே விட வேண்டிய மெல்லிய இடைவெளியை அளக்கத் தகடு இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கத்து ஆட்கள் பலர் தகட்டைத் தேட மாட்டார்கள். தீக்குச்சி அட்டையின் மூடியைக் கிழித்து, இடுக்கில் செருகி, ‘சரியா இருக்கு’ என்பார்கள். ஆர்லனும் அன்று அப்படித்தான் சொன்னார்.

அவருடைய நண்பர் கோர்டி இந்த முறை விடவில்லை.

“இன்னுமா அந்த அட்டையைக் கட்டிக்கிட்டு அழுவுற? பாயிண்டைத் தூக்கிக் கடாசிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டுடா. மழையோ பனியோ, நிக்காது.”

“நிக்கவே நிக்காதா?”

“உன் மாமியார் பேச்சு மாதிரிடா. நிறுத்துறதுதான் கஷ்டம்.”

ஆர்லனின் மனைவி மார்லிஸ் சிரிக்கவில்லை. “அந்தச் சனியனை வித்துத் தொலைன்னா, அதுக்குப் புதுசு வேற வாங்கி மாட்டுறியா?”

“ஒரே ஒரு தடவை, மார்லிஸ். அந்த இடத்துல நிக்காம வீடு வந்து சேரணும். அவன் முடிக்காத ஓட்டத்தை முடிச்சுடறேன். அப்புறம் வித்துடலாம்.”

அவள் உள்ளே போனாள். அவளுக்கும் அந்த ஆசை இருந்ததோ என்னவோ.

நண்பர்கள் இருவரும் பாயிண்டைக் கழற்றினார்கள். அதன் இடத்தில் காந்த வளையம், சின்னக் கறுப்புப் பெட்டி. பேட்டரியின் முழு கரண்டும் வரவேண்டும் என்று புது ஒயரை நேராக இழுத்தார்கள். சாவியைத் தொட்டதும் எஞ்சின் உறுமிற்று. கோர்டி கை தட்டினார். ஆர்லன் அன்றே தனியாகக் கிளம்பிப் போனார்.

இருட்டிக்கொண்டு வந்தது. அந்த வளைவு... ஆர்லன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். எஞ்சின் அசரவில்லை.

‘டக்.’

கம்பளி வாசனை வந்தது. போகவில்லை.

‘டக்... டக்... டக்டக்டக்...’

யாரோ உள்ளேயிருந்து கதவைத் திறக்கப் பார்க்கிறார்கள். அப்போதுதான் ஆர்லனுக்கு உறைத்தது. இத்தனை நாளும் கார் பழுதாகி நிற்கவில்லை. இறங்க வேண்டியவனை இறக்கிவிட நின்றிருக்கிறது.

பிரேக்கை மிதித்திருக்கலாம். கால் அதன் மேல்தான் இருந்தது. பெற்ற மனசு... மிதிக்கவில்லை.

“இரு கண்ணு,” என்றார். “இதோ வந்துட்டோம். வீடுதான்.”

கொண்டிச் சத்தம் அடங்கியது.

வீட்டுக் கொட்டகைக்குள் காரை விட்டுச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் நிற்கவில்லை. சாவியை உருவினார். நிற்கவில்லை. மார்லிஸ் போன் போட, கோர்டி ஓடி வந்து பேட்டரி ஒயரையே பிடுங்கினார். அப்போதும் ஓடியது.

“வெளியே வாடா, ஆர்லன்!”

“நீ போ, கோர்டி. இவனுக்கு இன்னும் குளிர் விடல. ஹீட்டர் ஓடட்டும்.”

பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. ஆனால் இருக்கை அழுந்தியிருந்தது. கோர்டி இழுத்துப் பார்த்தார், மார்லிஸ் கெஞ்சிப் பார்த்தாள். ஆர்லன் அசையவில்லை. புகை தங்கக் கூடாதென்று கொட்டகைக் கதவுகளை அகலத் திறந்துவைக்கத்தான் முடிந்தது.

விடிகிற நேரத்தில் எஞ்சின் தானாக அடங்கியது. அதன் மேல்மூடியைத் தொட முடியாத சூடு. உள்ளே ஆர்லன் மீசையெல்லாம் பனி பூத்து விறைத்திருந்தார். புகையால் சாகவில்லை, குளிரால் என்றார் டாக்டர்.

அடக்கம் முடிந்து, சர்ச்சில் காப்பியும் ஹாம் சாண்ட்விச்சும் கொடுத்து எல்லாரும் கலைந்தபின், கோர்டி அந்தக் கறுப்புப் பெட்டியையும் பேட்டரியையும் கழற்றித் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். அன்றைக்கே இருட்டியதும் மார்லிஸ் போன் செய்தாள்.

“கோர்டி, கார் ஓடுது.”

“அதெப்படி... பேட்டரி இங்க என் மேசை மேலதானே இருக்கு! மார்லிஸ், நீ வெளியே போகாதே. நான் வர்றேன்.”

“வேணாம்ப்பா. ரெண்டு பேருக்கும் தாங்க முடியாத குளிராம்.” அவள் குரல் கல்யாணத்துக்குக் கிளம்புகிறவள் குரல் மாதிரி இருந்ததாம். “பின் சீட்டுல எனக்கு இடம் போட்டு வச்சிருக்காங்க.”

உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் கீழே எழுதுங்கள். நான் பகலில் படித்துக்கொள்கிறேன்.