ஏலாது பொத்தான்

— தங்கச்சி, நீங்க செஞ்சு தந்த ஓடர் ஆப் என்ட மானத்த வாங்கிட்டு. கலகெதர பளீல் ஹாஜியார்ட மகள்ட கலியாணம் நாளண்டைக்கு. அவர்ட ஃபோனுக்கு "ஏலாது"ண்டு மெசேஜ் போயீக்கி. இப்பத்தான் கோல் எடுத்து ஏசினார்.

— பையக் கீழ வைக்க விடுங்க லாபிர் நானா. கண்டியில இருந்து பஸ்ல நின்னுக்கிட்டே வந்திருக்கேன்.

— வைங்க, வச்சிட்டு இதப் பாருங்க. முப்பது வருஷமாக் கலியாணச் சஹன் சாப்பாடு ஆக்குற நான். ஏலாதுண்டு ஒரு நாளும் என்ட வாயால வந்தில்ல.

— வாயால வரல. பொத்தானால வந்திருக்கு.

— எந்தப் பொத்தான்?

— செவப்பு. போன வெள்ளிக்கிழமை காட்டினேனே. நீங்க ஃபோன்ல பேசிக்கிட்டே "நல்லம், நல்லம்"னு தலையாட்டினீங்க.

— அது எறச்சிக்காரனுக்குச் சென்ன நல்லம். எனக்குத் தெரியாம எனத்துக்கு இப்பிடி ஒண்டு?

— ஆப்பப் பாவிக்கிறவங்க கேட்டாங்க. எங்க வேலையே அப்பிடித்தான் நானா. வாரத்துக்கு ஒரு சின்ன மாத்தம், குடுத்துப் பாக்குறது, ஏச்சு வாங்குறது, திருத்துறது. மொத வாரம் ஞாபகம் இருக்கா?

— மறக்க ஏலுமா. அறுநூறு பேருக்கு அறுநூறு சஹன் ஆக்கச் சென்ன ஆப். ஒரு சஹன் தட்டுல ஆறு பேர் சுத்திக் குந்தித் தின்றது ஒங்களுக்குத் தெரியா.

— நீங்க சிரிச்சிட்டுப் போயிட்டீங்க. ஆறால பிரிக்கச் சொல்லிக் குடுத்தது ஒங்க குசினியில சமைக்கிற கைரியா ராத்தா. ரெண்டாவது வாரம் எழுத்து சின்னதுன்னாங்க. மூணாவது வாரம், ஈரக் கையால அமத்த வரலன்னாங்க. நாலாவது வாரம், "ஓடர் வந்தா சரிண்டு பொத்தான் மட்டும்தானே ஈக்கி, மத்தது எங்க?"ன்னாங்க.

— அப்ப கைரியாவா அமத்தின?

— இதோ. நேத்துக் காலையில பத்து இருபது, குசினி ஃபோன்.

— கைரியா, இங்க கொஞ்சம் வாங்க.

— வெங்காயம் வெட்டுற. அங்கயிருந்தே செல்லுங்க, கேக்குது.

— ஹாஜியார்ட நூறு சஹன எனத்துக்கு ஏலாதுண்ட?

— நாளைக்கு நாவலப்பிட்டிக்கு நாப்பது. அடுத்த நாள் கலகெதரைக்கு நூறு. குசினியில நாங்க மூணு பேர். ஹாஜியாருக்குத் தலையாட்டினது நீங்க. தேங்கா துருவுறது ஆரு?

— தங்கச்சி, அஸர் தொழுகைக்கு முந்திப் பதில் செல்லாட்டி அவர் வேற ஆளப் புடிச்சிருவார். இவ்வளவு காலம் எடுத்த பேரு போயிரும். அந்தச் செவப்ப அழிச்சிட்டு நீங்களே சரி போடுங்க.

— என்னால முடியாது நானா. குசினி ஃபோன்ல இருந்துதான் மாத்தலாம். அதுவும் ராத்தா கேட்டதுதான், அஞ்சாவது வாரம்.

— அப்ப நான் எனத்தச் செய்ற?

— ஆப் செய்ற நாங்க இப்பிடி முட்டிக்கிட்டு நின்னா, பாவிக்கிறவங்ககிட்டயே போய்க் கேப்போம். வேற வித்தை ஒண்ணும் இல்ல.

— கைரியா.

— ம்.

— ஞாயித்துக்கெழம நூறு சஹன். ஒங்களுக்கு ஏலுமா?

— ஏலும். பக்கத்து வீட்டு ஆஸியா உம்மாவையும் அவட ரெண்டு மகள்மாரையும் ஒதவிக்கு நேத்தே வரச் சென்ன. நீங்க கேப்பீங்களாண்டுதான் பாத்துக்கிட்டிருந்த.