தலைவர் சந்திரகலா செய்த விதி

மேடையில் வீற்றிருக்கும் துணைத்தலைவர் அவர்களே, தலைவரின் கணவர் கோதண்டராமன் அவர்களே, எதிரே அமர்ந்திருக்கும் ஊர் மக்களே, வணக்கம். நான் வார்டு உறுப்பினர் ஜாஹிரா.

நம் இரங்கல் குழு ஒரு முழுச் சாயங்காலம் விவாதித்து, வாக்கெடுப்பும் நடத்தி, ஃபிளக்ஸ் பேனரின் ஓரக்கோடு கறுப்பு அல்ல, கருநீலம் என்று முடிவு செய்திருக்கிறது. இவ்வளவு ஆழமான விவாதம் நம் ஊராட்சி வரலாற்றில் இதுவே முதல்முறை.

படத்தைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. ஃபிளக்ஸ் அடித்தவர் பழைய தேர்தல் பேனரையே எடுத்து, மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்று சேர்த்துவிட்டார். அதில் பெரிதாகக் கைகூப்பிச் சிரிப்பவர் கணவர். மூலையில் வட்டத்துக்குள் இருப்பவர்தான் மறைந்த தலைவர் சந்திரகலா. காலையில் கீழ்பென்னாத்தூரிலிருந்து மாலையோடு வந்த உறவினர் அப்பாசாமி, வாசலில் கோதண்டராமனைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"தலைவர் போயிட்டார்னு சொன்னாங்க, நீ நிக்கிறியேப்பா!"

"போனது அவ, மாமா."

"ஓ... அவங்களா."

இது யார் குற்றம்? யார் குற்றமும் இல்லை. பழக்கம்.

அந்தப் பழக்கத்தை எதிர்த்தவர் யார்? எங்கள் தலைவர் சந்திரகலா! வேங்கிக்காலில் நடந்த ஊராட்சித் தலைவர்களுக்கான பயிற்சிக்குப் போனபோது ஒருவர் கேட்டார்: "தலைவர் வரலையாம்மா?"

"நான்தாங்க."

"அப்ப அவரு?"

"வண்டி ஓட்டினு வந்தாரு. டீ குடிக்கப் போயிருக்காரு."

திரும்பி வந்ததும் ஒரு விதி செய்தார். மன்றக் கூட்டத்தில் ஜெயித்தவர் மட்டுமே உட்கார வேண்டும். கணவர்மார் வாசலுக்கு வெளியே. முதல் கூட்டத்தில் உறுப்பினர்களான நாங்கள் ஐந்து பெண்களும் வாயே திறக்கவில்லை. "பேசுங்கம்மா, ஓட்டு உங்களுக்குத்தானே போட்டாங்க?" என்றார் தலைவர். நான் எழுந்தேன். பௌர்ணமி தோறும் கிரிவலக் கூட்டம் வரும்போது நம் பெண்களுக்குக் கழிப்பறை கிடைப்பதில்லை என்றேன். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை கட்ட அன்றே தீர்மானம் ஆயிற்று. அதுவரை ஏன் யாரும் கேட்கவில்லை? கேட்க வேண்டியவர்கள் வீட்டில் இருந்தோம்!

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. டீ போடுகிறேன், ஆறிப்போகிறது, கொட்டிவிட்டு மறுபடி போடுகிறேன். வேறொன்றும் தோன்றவில்லை.

தலைவரே! உங்கள் விதியைக் காப்போம். எங்கள் நாற்காலியில் நாங்களே உட்காருவோம். இந்த அவை முன் உறுதி கூறுகிறேன்.

உங்களுக்கு இரங்கல் தீர்மானம் போட நேற்று மன்றம் கூடியது. பெண் உறுப்பினர்களில் நான் மட்டுமே போயிருந்தேன். மற்ற நால்வருக்கும் பதிலாக அவரவர் கணவர்கள் வந்து கையெழுத்துப் போட்டார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.