சர்வீஸுக்குப் போன கார்

— கயித்தத் தாண்டாதீங்க மாமா. யாரும் தொடக் கூடாது, கண்காட்சி வண்டி.

— நான் எங்க தொடறேன். மாப்ள செஞ்ச வண்டியாச்சேன்னு ஆசையாப் பாக்கறேன். இது காரா, லாரியா?

— ரெண்டும்தான். முன்னாடி காரு, பின்னாடி சாமான் ஏத்தற பிக்கப். பெட்ரோல்லயும் ஓடும், பேட்டரியிலயும் ஓடும்.

— உங்க கம்பெனியில எதையுமே ஒரு முடிவாச் சொல்ல மாட்டாங்களோ?

— கான்செப்ட் மாமா. இப்படி ஒரு வண்டி வந்தா எப்படி இருக்கும்னு காட்டறதுக்கு ஒண்ணே ஒண்ணு செய்வோம்.

— சரிதான். சர்வீஸுக்குன்னு நம்ம காரை எடுத்துட்டுப் போனீங்களே, மூணு வாரம் ஆச்சு.

— ஒரு பார்ட்ஸ் வரணும் மாமா.

— போன வாரமும் அதையேதான் சொன்னீங்க. பார்ட்ஸ் என்ன, நடந்தா வருது? சரி, இதுல கொஞ்சம் உக்காந்து பாக்கறேன்.

— வேணாம் மாமா, அந்தக் கதவு திறக்காது. எங்க இன்ஜினியருங்க நாலு பேரு இழுத்துப் பாத்து... எப்படி மாமா திறந்தீங்க?

— லேசாத் தூக்கி இழுக்கணும். பதினெட்டு வருஷப் பழக்கம், கை தானாப் போயிருச்சு.

— மாமா, நான் சொல்றதக் கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க.

— நான் பொறுமையாத்தான் இருக்கேன். உங்களுக்குத்தான் ஏசி ஹால்ல வேர்க்குது.

— கண்காட்சியத் திடீர்னு முன்கூட்டியே வச்சிட்டாங்க. இந்தப் பிக்கப்ப ஒரு காரோட அடிப்பாகத்து மேலதான் கட்டணும். ஃபேக்டரியிலருந்து அது வந்து சேரல. நம்ம காருக்கும் அதே அடிப்பாகம். சத்தியமா அளவெடுக்கத்தான் கொண்டுபோனேன்...

— அளவெடுத்ததுல பின்சீட்டு எங்க போச்சு?

— அறுத்துட்டோம்.

— டிக்கி?

— அதுவும்தான் மாமா. உங்க கால்ல வேணா விழறேன். முதலாளி இப்ப வந்துருவாரு, அவர் முன்னாடி மட்டும் சத்தம் போட்டுறாதீங்க. கேக்காம எடுத்தேன்னு தெரிஞ்சா என் வேலை போயிரும்.

— அட எழுந்திரிங்க, நாலு பேர் பாக்கறாங்க. எனக்கென்ன கோவம். வயசான வண்டி, இந்த வேஷத்துல கொஞ்சம் எடுப்பாவே இருக்கு.

— நீங்க தெய்வம் மாமா. உங்க காரை இப்படிப் பண்ணிட்டேனேன்னு மூணு வாரமாத் தூக்கமே இல்ல.

— என் காரா? அது உங்க அத்தைக்கு அவங்கப்பா வாங்கிக் குடுத்தது மாப்ள. நானே சாவி கேட்டு வாங்கித்தான் ஓட்டறேன். அதோ, டிக்கெட்டக் காட்டிட்டு உள்ள வர்றா. நான் வெளிய ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன், நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லிருங்க.