தாய்மாமன் மடி

அச்சரப்பாக்கத்தில் ஏறிய இரண்டு பெண்கள் செங்கல்பட்டு பஸ்ஸில் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். இருவர் மடியிலும் காதுகுத்து வீட்டுத் தாம்பூலப் பை. டிக்கெட் வாங்குவதற்குள் மூத்தவள் ஆரம்பித்துவிட்டாள்.

"காது குத்தறப்ப கொழந்த அலறும், பாத்துகீறேன். தாய்மாமன் கொறட்ட வுட்டு இன்னிக்குத்தான்டி பாக்கறேன்."

"அவன் பைலட்டுக்கா. ராத்திரியெல்லாம் பிளேன் ஓட்டிட்டு நேரா வந்தானாம்."

"இன்னா பெரிய பைலட்டு? மடியில கீற கொழந்தைய புடிக்கத் துப்பில்ல. நழுவினப்ப காது குத்தற ஆசாரிதான் புடிச்சாரு."

"தாய்மாமன் மடியில குந்த வெச்சித்தான் குத்தணும்னு ரெண்டு தபா நாள தள்ளி வெச்சாங்கக்கா. அப்பவும் லீவு குடுக்கலயாம்."

"ஒரு நாள் வுட மாட்டானுங்களா? த்தூ, அதெல்லாம் ஒரு கம்பேனியா?"

"பந்தியில கூட குந்தல. சாயந்தரம் மறுபடி டூட்டியாம், கார் ஏறிட்டான்."

வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த மூத்தவளின் விரல் நின்றது.

"அந்தத் தூக்கத்தோடயா?"

"ஒண்ணும் ஆவாதுக்கா. பிளேன்ல ரெண்டு பேரு ஓட்டுவாங்களாம். ஒருத்தன் கண்ணசந்தா இன்னொருத்தன் பாத்துப்பான்."

மூத்தவள் வெற்றிலையை மடித்து வாயில் திணித்துக்கொண்டாள்.

"அந்த இன்னொருத்தன் இன்னிக்கு எந்த வூட்டுத் தாய்மாமனோ!"