காயம் காஞ்சே இருக்கணும்

— அழுதுக்கிட்டே பேசாத ஃபைஸா, ஒண்ணுமே வெளங்கல. புள்ள பொறந்து நல்லாத்தான இருந்தா சாகிரா? திடீர்னு ஏன் திருச்சிக்குத் தூக்கிட்டுப் போனீங்க?

— வயித்துல போட்ட தையல் பிரிஞ்சு சீழ் வச்சிருச்சுண்ணே. காய்ச்சல் அனலாக் கொதிச்சுது. மதினி ஆளே கெறங்கிப் போயிட்டாங்க.

— பெரம்பலூர்ல ஆபரேஷன் பண்ணானே, அந்த டாக்டரு என்னத்தக் கிழிச்சான்? ஒழுங்கா ஒரு தையல் போடத் தெரியாதா அவனுக்கு?

— அவர ஏசாதீங்கண்ணே. வூட்டுக்கு அனுப்புறப்பவே நர்ஸம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. கட்டப் பிரிக்காதீங்க, ஈரம் படக் கூடாது, காயம் காஞ்சே இருக்கணும்னு.

— அப்புறம் என்ன? குளிச்சுட்டாளா?

— ஒரு சொட்டுத் தண்ணி ஊத்திக்கல. நம்மூரு வெயிலு ஒங்களுக்குத் தெரியாதா? கரண்டும் இல்ல. வேர்வையில கட்டு தொப்பலா நனைஞ்சு போச்சு. காயணும்னுதான சொன்னாங்கன்னு, மதினியே கட்ட அவுத்துட்டுப் பவுடர் கொட்டிக்கிட்டாங்க.

— யா அல்லா! பச்சைப் புண்ணுலயா? முகத்துக்குப் போடுற பவுடரையா?

— தெனமும்தாண்ணே. எங்களுக்கும் தப்புன்னு தோணல. குளுகுளுன்னு இருக்குன்னு சிரிச்சாங்க.

— எந்தக் கூறுகெட்டது அத அவகிட்டக் குடுத்துச்சு? அம்மாவா? நீயா?

— விடுங்கண்ணே.

— யாருன்னு சொல்லுடி! வந்து அந்தக் கைய ஒடிக்கிறேன்.

— வேணாண்ணே. சொல்ல மாட்டேன்னு மதினிக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.

— எதுக்கு வாக்கு? எங்கிட்ட மறைக்க என்ன இருக்கு? ஹலோ... ஃபைஸா? எங்கூட வேல பாக்குற உசாமா ஊருக்கு வந்தப்ப அவகிட்டக் குடுக்கச் சொல்லி அனுப்பினேனே, ரோஸ் பவுடரு... அதுவா?

— தலைமாட்டுலயே வச்சிருந்தாங்கண்ணே. ஒங்க வாசம் அடிக்குதும்பாங்க.

— அல்லாவே... என் கையாலயா?

— "துபாய்லேர்ந்து அவரு அனுப்புன பவுடருன்னு மட்டும் சொல்லிறாத ஃபைஸா, மனுசன் தாங்க மாட்டாரு"ன்னு எங் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க.

— பைத்தியக்காரி! வலியில கெடக்குறப்பவும் என்னப் பத்தித்தான் நெனச்சாளா? போன அவகிட்டக் குடு. காதுல வச்சாப் போதும், நான் பேசிக்கிறேன்.

— அது நேத்து பேசுனதுண்ணே. மதினிய வூட்டுக்குக் கொண்டாந்துட்டோம். அசர் தொழுதுட்டு மையத்த அடக்கத்துக்கு எடுக்கப் போறாங்க.